தண்டவாளம் ஊர் போய்ச் சேர்ந்த கதை

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா வேடிக்கை பார்க்கலாம் என்று இத்வாரி ஸ்டேஷனுக்குப் போனேன். சிந்த்வாரா போகிற நேரோகேஜ் ரயில் நின்றுகொண்டிருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டரை அடிதான் இடைவெளி. எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். அதற்குள்ளும் மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி என்று நல்ல கூட்டம். "இன்னொரு நாள் குடும்பத்தோடு வந்து போய்ப் பார்க்கலாம்" என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. 2015-இல், அகலப்பாதையாக மாற்றுவதற்காக அந்தத் தடத்தை மூடிவிட்டார்கள்.

மூடியது தப்பு என்று சொல்ல வரவில்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு வேகமான ரயில்தான் வேண்டும். ஆனால் மனசு கேட்கவில்லை. இப்படி மூடிய குட்டி ரயில்களை உலகத்தில் யாராவது திரும்ப ஓட்டியிருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு பெரிய கதையே கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கதை நடப்பது பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் வேல்ஸில். முதலிலேயே ஒரு எச்சரிக்கை. அந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் நான் என் வாய்க்கு வந்தபடிதான் எழுதியிருக்கிறேன். நம் ழகரம் வடக்கத்திக்காரர்கள் வாயில் படும் பாடு தெரியும் அல்லவா? வேல்ஸ் மொழியின் இரட்டை எல் நம் வாயில் அதே பாடு படும் :-)

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தாமஸ் ரயில் கார்ட்டூனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூலக் கதைகளை எழுதியவர் ஆட்ரி என்ற பாதிரியார். அதில் மலைமேல் ஓடும் குட்டி ரயில்கள் சில வரும். அவையெல்லாம் கற்பனை இல்லை. வேல்ஸில் டாலிலின் என்ற நிஜ ரயிலைப் பார்த்து எழுதியவை. அந்த ரயிலில் சம்பளம் வாங்காத கார்டாகவே ஆட்ரி வேலை பார்த்திருக்கிறார். ஒருநாள் விசிலை ஊதி, கொடியை அசைத்து, ஸ்டேஷனில் டீ, பலகாரம் விற்கும் அம்மாளை விட்டுவிட்டே ரயிலைக் கிளப்பிவிட்டாராம். பிறகு அதையும் ஒரு கதையாக எழுதிவிட்டார்!

ஒரு பாதிரியார் எதற்காகக் கார்டு வேலை பார்க்க வேண்டும்? டாலிலின் ரயில் சிலேட்டுக்கல் குவாரிக்காகப் போட்டது. அதன் சொந்தக்காரர் ஹென்றி ஹைடன் ஜோன்ஸ், தன் உயிர் உள்ளவரை ரயில் ஓடும் என்று சொல்லி, நஷ்டத்திலேயே ஓட்டிவந்தார். 1950-இல் அவர் காலமானார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு சங்கம் உருவானது. 1951 மே மாதம் சங்கத்தின் ரயில் ஓடியது. பழைய ரயில் ஒன்றைத் தன்னார்வலர்கள் சேர்ந்து காப்பாற்றி ஓட்டியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

அதைப் பார்த்துப் பலருக்குத் தைரியம் வந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவனுக்கு வயது 17. அவன் கண் வைத்தது இன்னும் பெரிய, இன்னும் பழைய ரயில் ஒன்றின் மேல். நான் சொல்ல வந்ததும் அந்த ரயிலைப் பற்றித்தான்.

ஃபெஸ்டினியாக் ரயில்வே.

வடக்கு வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ப்ளைனை ஃபெஸ்டினியாக் என்று ஒரு ஊர். திரும்பிய பக்கமெல்லாம் சிலேட்டுக்கல். நாம் ஒன்றாம் வகுப்பில் பலப்பத்தால் எழுதிப் பழகினோமே, அதே சிலேட்டுதான். அங்கே அதை மெல்லிய தகடாக உடைத்துக் கூரைக்கு ஓடாகப் போடுவார்கள். அந்தக் கல்லைக் கீழே கடற்கரையில் இருக்கும் போர்ட்மடாக் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, 1832-இல் பாராளுமன்றச் சட்டம் மூலம் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1836-இல் பாதை திறந்தது. நீளம் பதிமூன்றரை மைல், அதாவது ஏறக்குறைய 22 கி.மீ. தண்டவாள இடைவெளி இரண்டு அடிக்குக் கொஞ்சம் கம்மி. மலையை ஒட்டி வளைந்து வளைந்து போக அகலம் குறைவாக இருப்பதுதான் வசதி.

இன்ஜின் கிடையாது. மலையிலிருந்து கடல் வரை ஒரே சீரான இறக்கமாகப் பாதையை அமைத்துவிட்டார்கள். கல் ஏற்றிய வண்டிகள் தாமாகவே உருண்டு இறங்கும். பிரேக் பிடிக்க மட்டும் ஆட்கள். காலி வண்டிகளை மேலே இழுக்கக் குதிரைகள். இறங்கும்போது குதிரைக்கு வேலை இல்லையே? அதற்கென்று ஒரு தனி வண்டி! மேலே இழுத்த களைப்புத் தீர, குதிரை அதில் நின்று வைக்கோல் மென்றுகொண்டே ஜாலியாகக் கீழே வரும்.

1863-இல் நீராவி இன்ஜின்கள் வந்தன. இவ்வளவு குறுகிய பாதையில் இன்ஜின் ஓடாது என்று பெரிய பொறியாளர்களே நம்பிய காலம் அது. 1865-இல் பயணிகளையும் ஏற்ற ஆரம்பித்தார்கள். 1869-இல் 'லிட்டில் ஒண்டர்' என்ற இரட்டை இன்ஜின் வந்தது. இரண்டு இன்ஜின்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அடுத்த ஆண்டு நடந்த சோதனை ஓட்டத்தைப் பார்க்க ரஷ்யாவிலிருந்து ஒரு குழுவே வந்தது. பணம் குறைவாக உள்ள நாடுகளுக்கும், மலை நிறைந்த நாடுகளுக்கும் குறுகிய பாதை சரிப்பட்டு வரும் என்று உலகத்துக்கு நிரூபித்தது இந்த ரயில்தான். நம் ஊரில் பரோடா மகாராஜா 1862-இலேயே டபோயில் இரண்டரை அடிப் பாதை போட்டு, மாடு பூட்டி வண்டி இழுக்கவைத்தார். 1879-இல் தொடங்கி 1881-இல் முடித்த டார்ஜிலிங் ரயில் இரண்டு அடிப் பாதை. அகலத்தில் ஃபெஸ்டினியாக்குக்குத் தம்பி என்றே சொல்லலாம்.

பிறகு வழக்கமான கதைதான். ஓட்டுக்கூரைக்கு வேறு பொருள்கள் வந்தன, ரோட்டில் லாரியும் பஸ்ஸும் வந்தன. 1939 செப்டம்பரில் உலகப்போர் தொடங்கியதும் பயணிகள் ரயில் நின்றது. 1946-இல் கல் ஏற்றுவதும் நின்றது. ஆட்களை அனுப்பிவிட்டு, வண்டிகளை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம். 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரயில் பாதை போட விதி இருந்தது, பாதையைக் கைவிட விதி எதுவும் இல்லை! எழுதியவர்களுக்கு அது தோன்றவே இல்லை போலிருக்கிறது. அதனால் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பாதை முழுக்க முள்செடி மூடி, துருப்பிடித்து, அப்படியே கிடந்தது. ஒரு குமாஸ்தாவின் மறதி ஒரு ரயிலைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றும்.

அந்த 17 வயதுப் பையன் பெயர் லியனார்ட் ஹீத் ஹம்ப்ரிஸ். 1951 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் அவன் கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் விடவில்லை. 1954-இல் ஆலன் பெக்லர் என்ற தொழிலதிபர் முன்வந்து, கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கடனைத் தீர்த்தார். தானே முதலாளியாக உட்கார்ந்துகொள்ளாமல், பங்குகளை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்.

1955 ஜூலை 23-ஆம் தேதி முதல் ரயில் கிளம்பியது. இழுத்தது நீராவி இன்ஜின் இல்லை, முதல் உலகப்போர் காலத்துப் பெட்ரோல் வண்டி ஒன்று. ஓடிய தூரம், துறைமுகத்தை ஒட்டிய கடல் கரை மேல் ஒரு மைல். அவ்வளவுதான். அடுத்த வருஷம் அடுத்த ஸ்டேஷன், அதற்கடுத்த வருஷம் அதற்கடுத்தது. முள்ளை வெட்டி, ஸ்லீப்பர் கட்டையை மாற்றி, ஜல்லி கொட்டி, 1958-இல் டான்-இ-புல்க் வரை போய்விட்டார்கள். ஏறக்குறைய பாதித் தூரம்!

ஆனால் மேலே ஒரு பெரிய இடி காத்திருந்தது.

ப்ளைனைக்குக் கொஞ்சம் முன்னால், டானிகிரிசியாவ் என்ற இடத்தில் அரசாங்கத்து மின்வாரியம் ஒரு நீர்மின் நிலையம் கட்டியது. தேவை குறைந்த நேரத்தில் கீழ் ஏரித் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை. அந்தக் கீழ் ஏரிக்குள் ரயில் பாதை மூழ்கிப்போனது. 1842-இல் மலையைக் குடைந்து போட்ட 668 மீட்டர் சுரங்கப்பாதையும் பயன்படாமல் போனது. 1963-இல் மின் நிலையம் திறக்கப்பட்டது. பாதையின் தலையும் உடலும் தனித்தனியாகிவிட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுற்றுலா ரயிலுக்கு அந்தப் பாதித் தூரமே போதும். கடல், காடு, மலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. டிக்கெட்டும் விற்கிறது. மேலே இருப்பது கல் குவாரி ஊர், கல்லை உடைத்துக் கொட்டிய மேடுகள். அங்கே போகாவிட்டால் எந்தச் சுற்றுலாப் பயணியும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை. "இதுவரை வந்ததே பெரிசு" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் நிறுத்தவில்லை. இந்த ரயில் பிறந்ததே அந்த ஊருக்காக. அங்கே போகாவிட்டால் இது ஊருக்குப் போகும் ரயில் இல்லை, பொருட்காட்சி ரயில். இதுதான் அவர்கள் கட்சி. ஒரு பக்கம் மின்வாரியத்தோடு நஷ்டஈட்டு வழக்கு. பதினெட்டு ஆண்டுகள் இழுத்தது, பிரிட்டிஷ் சட்ட வரலாற்றிலேயே மிக நீண்ட வழக்குகளில் ஒன்று என்பார்கள். முடிவில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்புக்காகக் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஏரியைச் சுற்றி மலைச் சரிவில் இரண்டரை மைலுக்குப் புதுப் பாதை போடுவது என்று முடிவு செய்து, 1965 ஜனவரியில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பழைய பாதையிலேயே ரயில் அந்த இடம் வரை வந்து சேரவில்லை. அது வந்தது 1968-இல்தான்!

வேலை தொடங்கிய டியால்ட் என்ற இடத்துக்கு ரோடு கிடையாது. ஆளும் சாமானும் ரயில் பாதை வழியாகத்தான் வந்தாக வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் ஒரு கர்னல் இருந்தார். அவரே வீட்டுக்குப் போய்வரச் சொந்தமாக ஒரு குட்டி இன்ஜின் வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாறைக்கு வெடி வைக்க அவரிடம் லைசென்ஸ் இருந்தது, தங்கவும் இடம் கொடுத்தார். மற்றதெல்லாம் கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி.

ஏரி மட்டத்துக்கு மேலே போக, பாதையை ஏறக்குறைய 35 அடி உயர்த்தியாக வேண்டும். நேராக ஏற்றினால் செங்குத்தாகிவிடும். அதனால் ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த பாதைக்கு மேலேயே பாலம் போட்டுக் கடந்து போகும்படி அமைத்தார்கள். டார்ஜிலிங் போனவர்கள் பதாசியா லூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பயணிகள் ரயில் பாதைகளில் இப்படி ஒரு சுழல் வேறெங்கும் இல்லை.

யார் இவர்கள்? இதுதான் என்னை அசத்திய விஷயம். பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. பிரிட்டன் முழுக்கப் பல நகரங்களில் இருந்த மாணவர்கள், ஆசிரியர்கள், ஆபீஸ் வேலைக்காரர்கள், பொறியாளர்கள். வார நாளில் மேஜை, நாற்காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, இரண்டு நாள் மழையில் நனைந்து பாறை உடைத்து, திங்கட்கிழமை காலையில் கொப்புளம் பிடித்த கையோடு மறுபடி ஆபீஸ். ஒரு குழு போனால் அடுத்த வாரம் இன்னொரு குழு. பத்து வருஷத்துக்கும் மேலே இப்படியே!

எல்லாவற்றையும் இவர்களே செய்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். மலையைக் குடைந்து 262 மீட்டருக்குப் புதுச் சுரங்கம் வேண்டியிருந்தது. அதைத் தன்னார்வலர்களை நம்பி விட முடியாது. கார்ன்வாலிலிருந்து மூன்று சுரங்கப் பொறியாளர்கள் வந்து, சிறிய குழுவை வைத்துக்கொண்டு 1975 முதல் 1977 வரை வேலை செய்து முடித்தார்கள். அரசாங்க உதவிப் பணமும் வந்தது, கூலி ஆட்களும் வந்தார்கள். ஆனால் ஒன்று. பத்து வருஷம் மண்வெட்டி பிடித்துக் காட்டியிராவிட்டால் எந்த அரசாங்கம் பணத்தை நீட்டியிருக்கும்? முதலில் வியர்வை, பிறகுதான் மானியம்.

1978-இல் ரயில் ஏரியைத் தாண்டி டானிகிரிசியாவ் போனது. 1982 மே 25-ஆம் தேதி ப்ளைனை ஃபெஸ்டினியாக் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. கம்பெனிக்குச் சட்டம் போட்டு 150 ஆண்டுகள் நிறைந்த வாரம் அது. பெரிய ரயிலும் குட்டி ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்படி புது ஸ்டேஷன். அந்த ஊருக்கு இந்தப் பாதையில் கடைசியாகப் பயணிகள் ரயில் வந்தது 1939-இல். இடையில் 43 வருஷங்கள். 1939-இல் பள்ளிக்கூடம் போன பிள்ளை, பேரன் பேத்தி எடுக்கும் வயதில் மறுபடியும் அந்த விசில் சத்தத்தைக் கேட்டிருக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. போர்ட்மடாக்கிலிருந்து இன்னொரு பக்கம் கார்னர்வனுக்குப் பக்கம் வரை 'வெல்ஷ் ஹைலாண்ட்' என்று ஒரு குட்டி ரயில் இருந்தது. 1920-களில் முழுதாக ஓடத் தொடங்கி, 1937-இல் மூடி, போர்க்காலத்தில் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். அதைத் திரும்பப் போட வேறொரு சங்கம் முயன்றபோது, நம் ஃபெஸ்டினியாக்காரர்கள் செய்த காரியம் அவ்வளவு நல்லதில்லை. போட்டி ரயில் வந்துவிடுமோ என்ற பயத்தில், 1980-களின் கடைசியில், அந்தப் பழைய பாதை நிலத்தை ரகசியமாக வாங்கி முடக்கப் பார்த்தார்கள். விஷயம் வெளியே வந்து நாறிப்போனது. பிறகு மனம் மாறி, அதே கம்பெனியே அந்தப் பாதையைத் திரும்பப் போடும் வேலையை எடுத்துக்கொண்டது. 1997-இல் தொடங்கி, லாட்டரி நிதி, நன்கொடை, தன்னார்வலர்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்து, 2011-இல் 25 மைலும் முடிந்தது. தண்டவாளம் போட்ட வார இறுதிக் குழுக்களில் ஒன்றுக்குப் பெயர், 'மீதி உலகம்'. அதாவது, அந்த வட்டாரத்தில் இல்லாத எல்லாரும்! இப்போது இரண்டு பாதையும் சேர்ந்து சுமார் 62 கி.மீ. 2021-இல் யுனெஸ்கோ அந்தச் சிலேட்டு வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஃபெஸ்டினியாக்கும் டாலிலினும் அதில் உண்டு.

நமக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. 1889-இல் டார்ஜிலிங்குக்காகச் செய்த ஒரு இன்ஜின், 1960-களில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அகலம் ஒத்துப்போனதால் ஃபெஸ்டினியாக் பாதையிலும் ஓடியிருக்கிறது. நம் மலை ரயில் இன்ஜின், வேல்ஸ் மலையில்!

இதையெல்லாம் படித்துவிட்டு "நம் ஊரில் ஏன் இப்படி நடக்கவில்லை" என்று ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே கைவிடப்பட்ட தனியார் ரயில், இங்கே எல்லாம் அரசாங்கத்துடையது. ஒருவர் நினைத்தால் கடப்பாரையோடு தண்டவாளத்தில் இறங்கிவிட முடியாது, இறங்கினால் போலீஸ்தான் வரும். வாரத்துக்கு இரண்டு நாள் லீவும், கைக்காசு போட்டு வேலை செய்யும் வசதியும் எல்லாருக்கும் இல்லை. அங்கே பலருக்கு அது பொழுதுபோக்கு, இங்கே பலருக்கு அந்தக் குட்டி ரயில்தான் சோறு. இரண்டும் ஒன்றாகாது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் 2010-இல் நின்றபோது நம்மில் எத்தனை பேர் "ஐயோ" என்றோம்? நானும் சொன்னேன். வெளியூரில் இருக்கிறோம், நம்மால் என்ன செய்ய முடியும் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன். ஃபெஸ்டினியாக் கதை அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. பாறை உடைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். பக்கத்தில் இருந்ததால் அவர்கள் செய்யவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கிளம்பினார்கள், அவ்வளவுதான். ரயிலாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊரில் தூர்ந்துபோன குளம், பூட்டிக் கிடக்கும் நூலகம், நாம் படித்த பள்ளிக்கூடத்துச் சுவர் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும்.

போன மாதம் பிள்ளைகளை இங்கே மோதிபாக்கில் இருக்கும் நேரோகேஜ் ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். 2002-இல் திறந்தது. பழைய இன்ஜின்களுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சின்னவன் ஒரு இன்ஜினைச் சுற்றி இரண்டு தடவை வந்துவிட்டு, "அப்பா, இது எங்க போகும்?" என்று கேட்டான்.

"முன்னாடி சிந்த்வாரா போகும்டா" என்றேன்.

"நீ போயிருக்கியா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவனிடம் இன்னொரு தடவை அப்படிச் சொல்லக்கூடாது என்று இந்தக் கோடை விடுமுறைக்கு மாத்தேரான் போவதாக இருக்கிறோம். அதுவும் இரண்டடிப் பாதைதான். டெல்லி, சண்டிகர் பக்கம் இருப்பவர்கள் சிம்லா ரயிலில் போய் வாருங்கள், கொல்கத்தாக்காரர்களுக்கு டார்ஜிலிங் இருக்கிறது. நம் ஊட்டி ரயிலை நான் சொல்லத்தான் வேண்டுமா? இன்னொரு நாள் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.